கேரளாவில் நிபா, சென்னையில் நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் இன்னும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிவியில் "கேரளாவில் மீண்டும் நிபா" என்று எழுத்து ஓடினால் அன்று சாயங்காலமே யாராவது வாசல் கதவைத் தட்டிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

எழுத உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வௌவாலைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான்.

நிபான்னா என்ன சிஸ்டர்? கொரோனா மாதிரி புதுசா வந்ததா?

வௌவாலிடமிருந்து வரும் வைரஸ் கிருமி இது, கொரோனாவை விடப் பழையது. 1998, 1999-ல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தும், தடுப்பூசி போட்டும் நிற்கவில்லை. பிறகுதான் இது வேறு கிருமி என்று கண்டுபிடித்தார்கள். சுங்கை நிபா என்ற கிராமத்து நோயாளியிடமிருந்து எடுத்ததால் அந்த ஊர்ப் பெயரே கிருமிக்கும் ஒட்டிக்கொண்டது. பண்ணைக்கு மேலே நின்ற பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. அங்கே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

இந்தியாவில் 2001-லேயே வந்துவிட்டது. மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். 2007-ல் அதே மாநிலத்தில் நதியா மாவட்டம். நமக்குப் பெயர் தெரிந்தது என்னவோ 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வந்தபோதுதான்.

கேரளாவுல வந்தா நம்ம ஊருக்கும் வந்துடுமா?

சாயங்காலம் பாலக்காட்டில் ரயில் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல். கிளாம்பாக்கத்திலிருந்தும் கோயம்பேட்டிலிருந்தும் ராத்திரி பஸ்கள் தனி. ஆகவே ஒரு நோயாளி இங்கே வந்து இறங்குவது நடக்காத காரியம் இல்லை. 2018-க்குப் பிறகு 2019, 2021, 2023, 2024, 2025 என்று கேரளாவில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பெரும்பாலும் மே முதல் செப்டம்பருக்குள். 2025-ல் மலப்புரத்தோடு பாலக்காடும் சேர்ந்துகொண்டது. அது கோயம்புத்தூருக்குப் பக்கத்து வீடு மாதிரி.

ஆனால் வந்து இறங்குவது வேறு, ஊரெல்லாம் பரவுவது வேறு. கொரோனா ஒருவரிடமிருந்து இரண்டு மூன்று பேருக்குத் தாவியது. அதனால்தான் காட்டுத்தீ ஆனது. நிபா ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்குக்கூடத் தொற்றுவதில்லை. அதனால் பெரும்பாலும் ஒரு குடும்பம், சில ஆஸ்பத்திரி வார்டுகள் என்ற அளவிலேயே அடங்கிவிடுகிறது. பயம் ஏன் என்றால், வந்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்கு வலிப்பு, சுபாவ மாற்றம் என்று நரம்புக் கோளாறு தங்கிவிடுகிறது. அரிதாக வருவது, வந்தால் கொடியது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும். டிவிக்காரர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள்.

எங்க வீட்டு வாசல்ல வாதாங்கொட்டை மரம் இருக்கு. ராத்திரி வௌவால் வந்து கடிச்சுப் போடுது. மரத்தை வெட்டிடலாமா?

வேண்டாம். வெயில் காலத்தில் வண்டி நிறுத்த நிழல் தேடி அலையும் ஊர் இது.

எல்லா வௌவாலும் ஒன்றில்லை. மாடிப்படி இடுக்கிலும் பாழடைந்த கிணற்றிலும் தொங்கும் சின்னது பூச்சி தின்பது. 2018-ல் கேரளாவில் நோய் தொடங்கிய வீட்டுக் கிணற்றில் பிடித்தது அந்த ரகம்தான். அதில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும், "அப்போ வௌவால் காரணமே இல்லையாம்" என்று ஒரு புரளி கிளம்பியது. பிறகு அந்தப் பகுதியின் பெரிய பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது கிருமி இருந்தது. காக்கையை விடப் பெரிதாக, நரி முகத்தோடு, ஆலமரத்திலும் மருத மரத்திலும் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குமே, அதுதான். தமிழ்நாடு, புதுச்சேரி வௌவால்களிலும் நிபா தொற்றியதற்கான அடையாளத்தைப் புனே வைராலஜி நிறுவனத்தார் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "நம்ம வௌவால் சுத்தம்" என்று சொல்ல முடியாது.

அதற்காக விரட்டக் கூடாது. பட்டினியும் மிரட்சியும் சேர்ந்தால் வௌவாலின் எச்சில், சிறுநீரில் கிருமி அதிகமாக வெளியேறலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கூட்டத்தைக் கலைத்தால் நாலு தெருவுக்குப் பரவி உட்காரும். வெடிச்சத்தம் வௌவாலுக்கு ஆகாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கிராமங்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதோடுதான் வாழ்கிறார்கள். இலுப்பைப் பூ காயாவதற்கு வௌவால் பெரிய துணை.

நீங்கள் செய்ய வேண்டியது, காலையில் மரத்தடியைக் கூட்டும்போது கடிபட்ட காயை வெறுங்கையால் பொறுக்காமல் துடைப்பமும் முறமுமாக அள்ளிப் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுவதுதான். பிள்ளைகள் கீழே விழுந்த காயை எடுத்துக் கடிக்கக் கூடாது. கல்லால் உடைத்து உள்ளே பருப்பெடுத்துத் தின்பதும் இப்போதைக்கு வேண்டாம். நாமெல்லாம் அப்படித் தின்று வளர்ந்தவர்கள்தான், என்ன செய்வது.

கடைப் பழம்? ரம்புட்டான் வேணாம்னு சொல்றாங்களே?

2021-ல் கோழிக்கோட்டில் இறந்த சிறுவன் வீட்டுப் பக்கத்தில் ரம்புட்டான் இருந்தது. அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பழி, பாவம் அந்தப் பழத்தை விடவில்லை. பழத்தின் ஜாதி முக்கியமில்லை. கடிபட்டதா, பறவை கொத்தியதா, தோல் கிழிந்து ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். முழுப் பழத்தை நன்றாகக் கழுவித் தோலை உரித்துச் சாப்பிடலாம்.

பதநீர், நுங்கு?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் பங்களாதேஷில் கிட்டத்தட்ட வருஷா வருஷம் நிபா வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டுவார்கள். ராத்திரி வௌவால் வந்து அந்தச் சாற்றை நக்கும், பானையில் சிறுநீர் கழிக்கும். விடியற்காலையில் காய்ச்சாமல் அப்படியே குடிப்பார்கள். சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினாலே வௌவால் அண்டவில்லை என்று அங்கே கண்டிருக்கிறார்கள்.

நம்முடையது பனை. இங்கே பதநீரால் நிபா வந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் பானை ராத்திரி முழுக்க மரத்தில் திறந்துதான் தொங்குகிறது. சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்கு. அதைக் கிருமிக்கு மருந்தாக நினைக்க வேண்டாம். கேரளாவில் நோய் இருக்கிற வாரங்களில் பச்சைப் பதநீரைத் தள்ளி வைப்பேன் நான். கருப்பட்டி, பனங்கற்கண்டு இரண்டும் காய்ச்சி எடுப்பவை, பயமில்லை. நுங்கு கெட்டி ஓட்டுக்குள் இருக்கிறது. உங்கள் கண் முன்னால் சீவிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கோழிக்கறி வாங்கலாமா?

வாங்கலாம். கேரளாவில் நிபா வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் கோழி மேல் பழி வருகிறது. கறிக்கடைக்காரருக்கு நஷ்டம், வேறு பலன் ஒன்றும் இல்லை. வௌவால் கறி மூச்சிரைப்புக்கு நல்லது என்று இன்னமும் சிலர் தேடிப் போகிறார்கள். அதைத்தான் நிறுத்த வேண்டும். பிடிக்கும்போதும் அறுக்கும்போதும் எச்சிலும் ரத்தமும் கையில் படும். மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது.

காய்ச்சல் வந்தா நிபாவான்னு எப்படித் தெரியும்?

காய்ச்சலை மட்டும் வைத்து உங்களாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, தொண்டை வலி, வாந்தி. எல்லாக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். சென்னையில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். நிபா வரிசையின் கடைசியில் நிற்கும்.

அதை முன்னால் கொண்டுவருவது இரண்டு விஷயம். ஒன்று, மூளையைத் தொட்ட அறிகுறி. ஆள் மந்தமாகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கண் சொருகுகிறது, வலிப்பு வருகிறது. சிலருக்கு மூச்சுத் திணறலும் சேரும். அங்கிருந்து ஓரிரு நாளில் நினைவு தப்பிவிடக்கூடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டாவது, கடந்த மூன்று வாரத்தில் நோயாளி எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்ற கதை. கிருமி உள்ளே போய் நோய் தெரிய வழக்கமாக 4 முதல் 14 நாள் ஆகும், அபூர்வமாக அதற்கு மேலும் போகும். அந்தக் கதை நோயாளியிடம் மட்டும்தான் இருக்கிறது. எந்த ஸ்கேனிலும் தெரியாது.

கேரளா போய் வந்ததைச் சொன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்களே சிஸ்டர்? சொல்லாம இருந்தா என்ன?

இதைக் கேட்டவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேட்கக் கூடாததைக் கேட்பது போல. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2020-ல் நம் தெருக்களில் தகரம் அடித்தார்கள். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பால்காரர் அந்த வாசலைத் தாண்டிப் போனார். அந்த ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. நண்பரான இன்னொரு டாக்டர் நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று கண்டபோது, அங்கே மூட்டை தூக்கியவர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் பார்த்த ஜனங்கள் வாயைத் திறக்கப் பயப்படுவதில் அதிசயம் இல்லை.

ஆனால் மறைத்தால் என்ன ஆகும் என்பதைக் கோழிக்கோட்டைப் பார்த்தே ஊகித்துவிடலாம். 2018-ல் முதல் நோயாளிக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது, அவர் எதையும் மறைக்கவும் இல்லை. சாதாரணக் காய்ச்சல் கேஸாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் இருந்த வார்டிலும், ஸ்கேனுக்காகக் காத்திருந்த வராந்தாவிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தடவை நோய் வந்த மற்ற எல்லோருக்கும் வௌவாலோ பழமோ காரணம் இல்லை, மனிதர்தான் காரணம். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த செவிலியர் லினி இறந்தார். சின்னக் குழந்தைகள் இரண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவருக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

அதே குடும்பத்தில் இரண்டாவது ஆள் நோயோடு வந்தபோது, ஒரே வீட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஏன் என்று டாக்டர்கள் யோசித்தார்கள். அந்த ஒரு சந்தேகத்தில்தான் நோயே பிடிபட்டது. நோயாளியின் வீட்டுக் கதையும் பயணக் கதையும் டாக்டருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தெரியாமல் நடந்ததற்கே இத்தனை உயிர். தெரிந்தே மறைத்தால்?

என் அனுபவத்திலும் ஒன்று. கொரோனா காலத்தில் ஒரு பெரியவர் "எங்கேயும் போகலை தாயி" என்று சொல்லிப் பொது வார்டில் படுத்திருந்தார். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தது நாலாவது நாள் மருமகள் வாயிலிருந்து வந்தது. அதற்குள் பக்கத்துக் கட்டில்காரருக்கும், என்னோடு வேலை பார்த்த இரண்டு பேருக்கும் காய்ச்சல். பெரியவர் கெட்டவர் இல்லை. பேத்தி நிச்சயதார்த்தம் நின்றுபோகும் என்று பயந்திருக்கிறார்.

சொன்னால் என்ன நடக்கும்? தனி அறையில் வைப்பார்கள். ரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி எடுப்பார்கள், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரும். அதைப் புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற இடத்தில் சோதித்து உறுதி செய்வார்கள். இல்லை என்று வந்தால் மற்றக் காய்ச்சலுக்கு மருத்துவம் நடக்கும். கேரளாவில் சந்தேகப்பட்டுச் சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லை என்றுதான் வந்தது. ஆக, சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லுங்கள்: "மலப்புரம் போய் வந்து பத்து நாள் ஆகுது, மூணு நாளாக் காய்ச்சல்." இவ்வளவு போதும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் 104-க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

மாடியில நாலு மலையாளி நர்ஸ் பொண்ணுங்க குடியிருக்காங்க. ஓணத்துக்குப் போயிட்டு வந்திருக்காங்க. காலி பண்ணச் சொல்லலாமா?

கூடாது. இந்த ஊரின் பாதி ஐசியு அந்தப் பெண்கள் கையில்தான் ஓடுகிறது. நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலி என்றால் யார் வந்து பார்ப்பார்கள்? கேரளா முழுக்க நிபா வந்ததாக எண்ணம் வேண்டாம். வருவது ஏதோ ஒரு மாவட்டத்தில் ஒன்றிரண்டு பஞ்சாயத்தில்.

தடுப்பூசி இருக்கா? நிலவேம்பு குடிச்சா?

தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு தயாரித்த ஒன்றை 2024 ஜனவரியில் மனிதருக்குப் போட்டுச் சோதிக்க ஆரம்பித்தார்கள். நிபாவுக்கென்றே உறுதிப்பட்ட மருந்தும் கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆன்டிபாடி மருந்தை (கிருமியை எதிர்க்கும் புரதம்) கேரளா வரவழைத்து வைத்தது, அதுவும் சோதனை நிலையில் உள்ளதுதான். மூச்சு, வலிப்பு, காய்ச்சல் இவற்றுக்கு ஐசியுவில் பார்த்துப் பார்த்துச் செய்யும் பராமரிப்புதான் இப்போதைக்குச் சிகிச்சை.

டெங்கு காலத்தில் நிலவேம்பு, கொரோனாவில் கபசுரம் என்று அரசாங்கமே ஊற்றிக் கொடுத்ததால் இந்தக் கேள்வி வருகிறது. நிபாவைத் தடுக்கும் என்று இரண்டுக்குமே நிரூபணம் இல்லை. கசாயம் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் தாமதமாகப் போவதுதான் என் கவலை.

வாசல்ல வேப்பிலை கட்டலாமா?

கட்டுங்கள். கிருமி வேப்பிலையைப் பார்த்துத் திரும்பிப் போகாது. ஆனால் அம்மை போட்ட வீட்டுக்கு நம் பாட்டிமார் வேப்பிலை செருகியதில் இன்னொரு செய்தி இருந்தது: "உள்ளே வராதே." விருந்தாளி வர மாட்டார், பிச்சைக்காரரும் குரல் கொடுக்காமல் போய்விடுவார். பார்த்துக்கொள்வதும் ஒரே ஆள். அந்த வீட்டை யாரும் கேவலமாகப் பேசியதும் கிடையாது, "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையாகவே சொன்னார்கள். தனிமைப்படுத்தலை அவமானம் இல்லாமல் செய்யத் தெரிந்தவர்கள் நாம். கொரோனா ஸ்டிக்கரில்தான் அதைத் தொலைத்தோம்.

ஆஸ்பத்திரில கூட இருக்குறவங்க என்ன செய்யணும்?

இதைக் கேட்ட ஒரே ஆள் மூன்றாவது தெரு ஆட்டோக்காரர். அம்மா அடிக்கடி அட்மிட் ஆகிறவர், அதனால் தோன்றியிருக்கிறது. எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நம் பழக்கத்தில் ஒரு நோயாளிக்கு நாலு பேர் துணை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுவோம், முந்தானையால் வாயைத் துடைப்போம், மிச்சத்தைத் தட்டோடு சாப்பிடுவோம். பார்க்க வருகிறவர் ஹார்லிக்ஸோடு வந்து கட்டிலிலேயே உட்காருவார். நிபா பரவும் வழி இதேதான்: எச்சில், சளி, வாந்தி, சிறுநீர், இருமும்போது தெறிக்கும் துளி. மூளைக்காய்ச்சல் மாதிரி எந்த நோயாளியாக இருந்தாலும் துணைக்கு ஒரே ஆள் இருங்கள். தட்டு, டம்ளர், துண்டு தனி. வாந்தியைத் துடைத்தால் கையுறை. இருமும் நோயாளிக்கு மிக அருகில் வேலை என்றால் என்95 மாஸ்க் கேட்டு வாங்குங்கள். ரோட்டில் நடக்கும்போது இந்த மாஸ்க் தேவையில்லை, கட்டில் பக்கத்தில்தான் தேவை. ஒவ்வொரு தடவையும் சோப்பு. இந்தக் கிருமிக்குக் கொழுப்புப் போர்வை உண்டு, சோப்பு பட்டால் அது கரைந்துவிடும்.

இறந்துட்டா உடம்பைக் கொடுப்பாங்களா?

கட்டுப்பாடுகளோடுதான். குளிப்பாட்டுவது, நெற்றியில் முத்தம், வாயைத் திறந்து வாய்க்கரிசி இதெல்லாம் கூடாது. உடலிலும் கிருமி இருக்கும். கஷ்டம்தான். லினியின் குடும்பத்தாராலும் கிட்டப் போய்ப் பார்க்க முடியவில்லை. உறைக்குள் மூடிய உடலைத் தகனம் செய்வதாலோ புதைப்பதாலோ சுற்றியிருக்கும் தெருவுக்கு எதுவும் வராது. மயான வாசலில் போய் மறிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நாலு நாள் முன்னாடி என் பேரன் மரத்தடியில கிடந்த வாதாங்காயைக் கடிச்சுட்டான். இப்ப என்ன பண்றது?

நிபா வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டான். தினசரி காலண்டரில் அவன் கடித்த தேதியை வட்டமிட்டு, அங்கிருந்து மூன்று வாரம் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் அந்தக் காலண்டர் தாளையே டாக்டரிடம் காட்டுங்கள். வராவிட்டால் கிழித்து எறியுங்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கே அனுப்பலாம்.